ஸ்கிடாடில்: தலைதெறிக்க ஓடிய ஒரு சொல்லின் பிறப்பிடம்

1861 ஆகஸ்ட் 10 அன்று ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ நாளிதழில் வந்த போர்முனைச் செய்தி ஒன்றில், ஒரு வினைச்சொல் மேற்கோள் குறிகளுக்குள் நிற்கிறது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் விளக்கமும் இருக்கிறது. ஆபத்து வந்ததும் தெற்கத்தியப் பிரிவினைக்காரர்கள் தங்கள் கால்களை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்ல, இங்கிருக்கும் வடக்குப் படையின் பையன்கள் வைத்திருக்கும் சொல் இது என்று செய்தியாளர் எழுதுகிறார். அந்தச் சொல் ‘ஸ்கிடாடில்’. பயந்தடித்துக்கொண்டு ஓடுவது, இடத்தைக் காலிசெய்வது என்று பொருள்.

மேற்கோள் குறியும் விளக்கமும் தேவைப்பட்டன என்றால், நியூயார்க் வாசகர்களுக்கு அது பழகாத சொல் என்றே கொள்ள வேண்டும். ஆனால் படை முகாமில் அது அதற்குள் பழகிப்போயிருந்தது. முகாமுக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுந்த இந்தக் கேள்விக்கு கிரேக்கம், ஐரிஷ், ஸ்வீடிஷ், டேனிஷ், ஸ்காட்லாந்துப் பேச்சு, வட இங்கிலாந்து வழக்கு என்று பல திசைகளிலிருந்தும் விடைகள் வந்தன. ஒவ்வொரு விடைக்கும் அதைச் சொன்னவரின் ஆசையில் ஒரு பங்கு உண்டு. அந்த ஆசையைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பொருளும் புழக்கமும்

சொல்லின் குணத்தைப் பிடித்துக்கொண்டால்தான் பிறப்பைப் பற்றிப் பேச முடியும். தமிழில் இதற்கு மிக அருகில் வருவது ‘தலைதெறிக்க ஓடுவது’, ‘பின்னங்கால் பிடரியில் பட ஓடுவது’ ஆகியவை. ‘கம்பி நீட்டுவது’ ஓரளவு பொருந்தும். ஆனால் அதில் கமுக்கம் இருக்கிறது. ஸ்கிடாடிலில் கமுக்கம் இல்லை, தடதடப்பு இருக்கிறது. ‘புறமுதுகிடுதல்’ சற்றும் பொருந்தாது. போரில் முதுகு காட்டிய மகனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்த தாயைப் பாடும் புறநானூற்று மரபிலிருந்து வரும் சொல் அது. அதன் எடை வேறு. ஸ்கிடாடில் ஓடுபவனைப் பழிப்பதில்லை, அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. உயிருக்கு அஞ்சி ஓடுவதைச் சிரிப்புக்குரியதாக்கிக் காட்டுவதற்கென்றே பிறந்த சொல் என்று தோன்றும் அளவுக்கு, அந்தச் சிரிப்பு அதன் ஒலியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ட்ரிப்யூன் செய்திக்கு இருபது நாள் முன்பு, ஜூலை 21 அன்று, வர்ஜீனியாவில் புல் ரன் ஓடைக்கரையில் போரின் முதல் பெருஞ்சமர் நடந்தது. ஓடியது வடக்குப் படை. வாஷிங்டனிலிருந்து சாப்பாட்டுக் கூடைகளோடு வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போன கனவான்களும் சேர்ந்து ஓடினார்கள். ஆல்ஃப்ரெட் ஈலி என்ற காங்கிரஸ் உறுப்பினர் தெற்குப் படையிடம் சிறைப்பட்டார். பின்னாளில் எழுதியவர்கள் பலர் அந்த ஓட்டத்துக்கு ‘மாபெரும் ஸ்கிடாடில்’ என்று பெயர் வைத்தார்கள். அதனாலேயே சொல் அந்தக் களத்தில் பிறந்தது என்ற நினைப்பும் பரவியது. ட்ரிப்யூன் சான்று இதற்கு ஒத்துவரவில்லை. அங்கே ஓடுகிறவர்கள் தெற்கத்தியர்கள், பெயர் வைப்பவர்கள் வடக்கத்தியர்கள். தாங்கள் ஓடிய அவமானம் ஆறுவதற்குள், எதிரியின் ஓட்டத்துக்கு ஒரு கேலிச்சொல்லை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். போர் முற்ற முற்ற இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் அதை எறிந்தன.

1863 மார்ச்சில் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு உண்டு. அந்தப் பணம் இல்லாதவர்களில் சிலர் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார்கள். அவர்களுக்கு ‘ஸ்கிடாட்லர்’ என்று பெயர். நியூ பிரன்ஸ்விக்கில் அவர்கள் பதுங்கிய மேட்டு நிலம் ஒன்று இன்றும் ‘ஸ்கிடாடில் ரிட்ஜ்’ என்றே அழைக்கப்படுகிறது. போர்க்களத்துக் கேலி ஒன்று நிலப்படத்தில் ஊர்ப்பெயராகக் குடியேறிவிட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரைக்கும் சொல் விரைவிலேயே போய்ச் சேர்ந்தது. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப் 1861 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் இருந்தவர். மறு ஆண்டு அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1867-இல் வந்த அவருடைய ‘தி லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்’ நாவலில் லில்லி டேல் என்ற பெண், வந்திருந்த மேஜர் கிளம்பிப் போய்விட்டதை அம்மாவிடம் சொல்லும்போது ஒரு கணம் தயங்கி இந்தச் சொல்லைப் போடுகிறாள். செய்தியைவிடச் சொல்தான் அம்மாவைத் திடுக்கிட வைக்கிறது. முகாம் மண் ஒட்டிய சொல் ஆறே ஆண்டுகளில் இங்கிலாந்தின் நடுத்தர வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கும், நுழைந்தபோது அது இன்னும் கால் கழுவியிருக்கவில்லை என்பதற்கும் இதைவிட நல்ல சான்று வேண்டாம். இன்று அது குழந்தைகளை ‘ஓடு, ஓடு’ என்று செல்லமாக விரட்டும் சொல். ரத்த வாடை முழுக்கப் போய்விட்டது.

கிரேக்கம் என்னும் கௌரவம்

மிக அதிகம் பேசப்பட்ட விடை இது. கிரேக்கத்தில் ‘ஸ்கெதான்னுமி’ என்றொரு வினை உண்டு; சிதறடிப்பது, கலைப்பது என்று பொருள். ஹோமரின் காவியங்களிலேயே அந்த வேர் இருக்கிறது. லண்டனில் ஜான் கேம்டன் ஹாட்டன் தொடங்கிய கொச்சைச்சொல் அகராதியின் பிந்தைய பதிப்பு, ஸ்கிடாடில் நல்ல கிரேக்கமே என்றும், ஹார்வர்ட் பேராசிரியர் யாராவது அதை மிதக்கவிட்டிருக்கலாம் என்றும் சொல்கிறது.

இந்த ஊகத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது. அன்றைய அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்கம் கட்டாயப் பாடம். அங்கே படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தார்கள். செவ்வியல் மொழிகளைக் கோணலாக்கி விளையாடுவது மாணவர்களின் பழைய பொழுதுபோக்கு. ஆனாலும் அடித்தளம் உறுதியாக இல்லை. ஒப்புமை முதல் அசையோடு நின்றுவிடுகிறது. ‘ஆடில்’ என்ற வால் எங்கிருந்து முளைத்தது என்பதற்குக் கிரேக்கத்தில் பதில் இல்லை. எழுத்தும் இடிக்கிறது. இன்றைய அகராதிகள் முதல் அசையில் ‘ஈ’ எழுத்தை இடுகின்றன. 1861 செய்தியிலோ ‘ஐ’ எழுத்தும், அடுத்து இரட்டை ‘டி’யும் இருக்கின்றன. காதால் கேட்டதைக் கைக்கு வந்தபடி எழுதிய சொல் இது. ஏட்டைப் பார்த்து எடுத்த சொல்லுக்கு இந்தத் தடுமாற்றம் வந்திருக்காது. ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் அதே வேருக்கு ‘ஸ்கித்’ என்று தொடங்கும் வடிவமும் உண்டு. ஆகவே எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. தீர்ப்பை எழுதுவது வேறொன்று: ஏட்டிலிருந்து முகாமுக்கு வந்த வழியைக் காட்டும் ஒரு தடயம்கூட இல்லை. ஹார்வர்ட் பேராசிரியர் ஒரு கற்பனை மனிதர்.

ஏன் இந்த விடை இவ்வளவு பேருக்குப் பிடித்தது? இழிவாகக் கருதப்பட்ட சொல்லுக்கு உயர்குலத்துத் தாய் தந்தையரைத் தேடிக் கொடுப்பது கற்றவர்களின் பழைய பழக்கம். படிக்காத சிப்பாய் ஒருவன் இவ்வளவு உயிருள்ள சொல்லை உண்டாக்கியிருப்பான் என்று ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அயர்லாந்தும் வடநாடுகளும்

ஐரிஷ் விடை விவிலியத்தைத் துணைக்கு அழைத்தது. மேய்ப்பன் வெட்டப்பட்டு ஆடுகள் சிதறிப்போகும் வசனத்தில், பழைய ஐரிஷ் புதிய ஏற்பாடு ‘ஸ்கெடடோல்’ போன்ற ஒரு சொல்லைத் தருகிறது என்றார்கள். வடக்குப் படையில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர் இருந்தார்கள்; புல் ரன்னிலேயே மைக்கேல் கோர்கரனின் 69-ஆவது நியூயார்க் படைப்பிரிவு நின்று போரிட்டது. எனவே சுமந்து வர ஆள் உண்டு. சுமக்கப்பட்ட சொல்தான் ஐயத்துக்குரியது. சிதறுவதற்கு ஐரிஷில் வழங்கும் பொதுவான வினை ‘ஸ்கப்’ என்ற வேரிலிருந்து வருகிறது. அதற்கும் ஸ்கிடாடிலுக்கும் இடையே பாலம் இல்லை.

ஸ்வீடிஷ், டேனிஷ் விடைகளை நீட்ட வேண்டியதில்லை. இதே ஒலியும் இதே பொருளும் கொண்ட சொற்கள் அம்மொழிகளில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. பின்வந்த சொல்லாராய்ச்சி அதை ஏற்கவில்லை. காலக்கணக்கும் உதவாது. வடநாட்டுக் குடியேறிகளின் பெயர்பெற்ற படைப்பிரிவான 15-ஆவது விஸ்கான்சின், ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக்கின் தலைமையில் அணி திரண்டது 1861 கடைசியிலும் 1862 தொடக்கத்திலும். சொல் அதற்கு முன்பே அச்சேறிவிட்டது.

சிந்திய பால்

ஸ்காட்லாந்து விடைக்கு மண்வாசனை உண்டு. லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் இது பற்றி நடந்த வாதத்தை ஹாட்டனின் அகராதி பதிவு செய்திருக்கிறது. ஹில் பிரபு என்பவர், இது அசல் ஸ்காட்லாந்துச் சொல், அமெரிக்கர்கள் தவறான பொருளில் ஆள்கிறார்கள் என்று எழுதினாராம். டம்ஃப்ரீஸ் வட்டாரத்தில் அதற்குப் பொருள் சிந்துவது. பாலைத் தளும்ப விட்டு நடக்கும் பால்காரப் பெண்ணை, இப்படிப் பாலையெல்லாம் ஸ்கிடாடில் செய்கிறாயே என்று கடிவார்களாம்.

நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் ரைட் இதற்கு வலு சேர்த்தார். யார்க்‌ஷயரில் சிறுவயதிலேயே ஆலைவேலைக்குப் போய், பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியரான மனிதர் அவர். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ஆங்கில வட்டார வழக்கு அகராதி, நாட்டுப்புற மக்களின் வாய்மொழியை மதித்துச் சேர்த்த பெருங்களஞ்சியம். சிந்துதல், சிதறுதல் என்ற வட்டாரப் பொருளோடு இந்தச் சொல் அதில் இடம்பெறுகிறது. தண்ணீரை இறைத்து அளைவதற்கு ஸ்காட்லாந்தில் ‘ஸ்கிடில்’ என்றொரு வினை இருப்பதும் அருகில் நிற்கிறது.

பால் சிந்துவதிலிருந்து படை ஓடுவதற்குப் பொருள் எப்படித் தாவும் என்று ஆங்கிலம் பேசுவோர் கேட்டார்கள். தமிழ்க் காதுக்கு அது பெரிய தாவலாகப் படாது. நெல்லும் சிதறும், பாலும் சிதறும், படையும் சிதறும். மூன்றுக்கும் ஒரே வினை நமக்குப் போதுமானதாக இருக்கிறது. இந்த விடையின் உண்மையான பலவீனம் காலத்தில் இருக்கிறது. பால் சிந்தும் பொருளுக்குக் காட்டப்படும் சான்றுகள் 1861-க்குப் பிறகு, அமெரிக்கச் சொல் பேர்பெற்றுவிட்ட பிறகு, திரட்டப்பட்டவை. அமெரிக்கச் சொல்லைச் செய்தித்தாளில் பார்த்தவர்கள், உள்ளூரில் வழங்கிய ‘ஸ்கிடில்’ போன்ற ஒன்றை அதன் சாயலில் நினைவுகூர்ந்திருக்கலாம். போருக்கு முந்தைய ஏட்டிலோ கடிதத்திலோ பால்காரப் பெண்ணின் சொல் ஒருமுறை கிடைத்தால் போதும், தராசு சாய்ந்துவிடும்.

அஞ்சி ஓடும் மாடு

இன்று வல்லுநர்களிடம் ஓரளவு மதிப்புப் பெற்றிருக்கும் விடை வேறு. பிரிட்டிஷ் வட்டார வழக்கில் ‘ஸ்காடில்’ என்றொரு சொல் இருந்தது. பெயரடையாக வந்தால் மிரளும் தன்மையுள்ள, அடங்காத என்று பொருள். வினையாக வந்தால் மிரண்டு ஓடுவது. வேலியை முறித்துக்கொண்டு பாயும் மாட்டையும் கைக்கு அடங்காத குதிரையையும் நினைத்துக்கொள்ளலாம். அதன் வேர் இடைக்கால ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து பழைய நார்ஸ் மொழியில் தீங்கைக் குறிக்கும் ‘ஸ்கதி’ என்ற சொல்லுக்கும் போகிறது. காயமின்றித் தப்பியதைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘அன்ஸ்கேத்டு’ அதே குடும்பம்.

மெரியம்-வெப்ஸ்டர் அகராதி, இதன் திரிபாகப் பெரும்பாலும் இருக்கலாம் என்ற அடைமொழியோடு இந்த வழியைத் தருகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் அனடோலி லிபர்மன், 2008-இல் வெளியிட்ட தம் ஆங்கிலச் சொற்பிறப்பு ஆராய்ச்சி அகராதியில் இன்னும் உறுதியாகப் பேசுகிறார். கிரேக்கம், ஐரிஷ், ஸ்வீடிஷ் எதனோடும் இதற்குத் தொடர்பில்லை. இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்ததும் அல்ல. வட்டார வழக்கின் ‘ஸ்காடில்’ நடுவே ஓர் அசை ஏறி நீண்டதே ஸ்கிடாடில் என்பது அவர் முடிவு.

இதன் வலிமை, பொருள் அப்படியே பொருந்துவது. மிரண்டு ஓடும் விலங்கு, மிரண்டு ஓடும் சிப்பாய்: இடையே எந்தத் தாவலும் தேவையில்லை. நடுவில் அசை ஏறுவதால் கேலி கூடுவதும் இயல்பே. ஆனால் இதுவும் முழுமையாகவில்லை. இங்கிலாந்தின் மாட்டுக்கொட்டிலில் புழங்கிய சொல், நீண்ட வடிவத்தில் ஏன் அமெரிக்கப் படை முகாமில் முதலில் அச்சேறுகிறது? குட்டை வடிவம் அமெரிக்காவுக்கு வந்ததற்கோ, இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம் ஒன்று இருந்ததற்கோ சான்று வேண்டும். அதைக் காட்டாதவரை லிபர்மனின் உறுதியைவிட மெரியம்-வெப்ஸ்டரின் ‘பெரும்பாலும்’தான் சரியான அளவு என்று தோன்றுகிறது.

ஒலியே தாயா?

மூலச்சொல்லே தேவையில்லை, ஒலி போதும் என்பவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்க’ என்று தொடங்கும் சொற்களில் விரைந்து நகர்வதைக் குறிப்பவை ஏராளம்: ஸ்காட்டர், ஸ்காம்பர், ஸ்கர்ரி, ஸ்கூட், ஸ்கட்டில், ஸ்கிட்டர். ‘ஆடில்’ என முடியும் வாடில், பாடில் போன்றவற்றிலோ தள்ளாட்டமும் திரும்பத் திரும்ப அசைவதும் தெரிகின்றன. முன்பாதி விரைவையும் பின்பாதி தடுமாற்றத்தையும் தர, இரண்டும் சேர்ந்தால் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவது கண்முன் வந்துவிடுகிறது.

இப்படிப் பொருள் சாயல் ஏறிய ஒலிக்கூறுக்கு ‘ஃபோனஸ்தீம்’ என்று 1930-இல் பெயர் சூட்டியவர் ஜே. ஆர். ஃபிர்த். அவர் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் ஒலிப்பைப் பற்றி அவர் எழுதிய சிறு விளக்கம், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாக 1934-இல் வந்தது. விடுவிடுவென்று, குடுகுடுவென்று, சரசரவென்று என நடையின் வகைக்கெல்லாம் ஒலியையே சொல்லாக வைத்திருக்கும் மொழியைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு ஆங்கில அகராதியாளர்களுக்கு எப்போதும் சங்கடம் தருவது. இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியத்திலேயே இடம் கொடுத்த மரபில் வந்தவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இருந்தும் எச்சரிக்கை வேண்டும். ‘ஸ்க’வில் தொடங்கும் ஸ்கை, ஸ்கின், ஸ்கூல் எதுவும் ஓடுவதில்லை. ஒரு சொல் ஏன் நிலைத்தது, ஏன் கேட்ட மாத்திரத்தில் புரிந்தது, ஏன் சிரிப்பு வந்தது என்பதை ஒலி விளக்கும். யார் வாயில், எந்த ஊரில் முதலில் பிறந்தது என்பதை அதால் விளக்க முடியாது.

கேலிச்சொற்கள் விளைந்த காலம்

தனிச்சொல்லை மட்டும் உற்றுப் பார்ப்பவர்கள் அதன் கூட்டாளிகளை மறந்துவிடுகிறார்கள். போருக்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் பகட்டான பொய்ச்சொற்கள் கொத்துக் கொத்தாய் விளைந்தன. ‘அப்ஸ்குவாட்டுலேட்’ என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவது. லத்தீன் வேடம் போட்ட நாட்டுப்புறச் சொல். ‘ஹார்ன்ஸ்வாகில்’ என்றால் ஏமாற்றுவது. ‘சாக்டாலஜர்’ என்றால் ஆளைச் சாய்க்கும் அடி. எல்லைப்புறத்துக் கென்டக்கிக்காரன் மேடையில் இப்படிப் பேசுவதைக் கேட்கக் கூட்டம் கூடியது.

அந்தச் சிரிப்பு வரலாற்றில் ஓரிடத்தில் உறைந்துபோயிருக்கிறது. 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டன் ஃபோர்ட்ஸ் தியேட்டரில் ‘அவர் அமெரிக்கன் கசின்’ நாடகம் நடந்தது. அதில் ‘சாக்டாலஜைசிங்’ என்று சாக்டாலஜரை நீட்டி உருவாக்கிய வசைச்சொல் வரும் வசனத்துக்கு அரங்கம் வெடித்துச் சிரிக்கும் என்பது நடிகனான ஜான் வில்க்ஸ் பூத்துக்குத் தெரியும். அந்தச் சிரிப்பொலியில்தான் அவன் லிங்கனைச் சுட்டான். அந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் என்ன என்று யாராலும் வரையறுக்க முடியவில்லை. அன்றைய அரங்கத்துக்கு வரையறை தேவைப்படவும் இல்லை.

இந்தப் பின்னணியில் ஸ்கிடாடில் தனித்த புதிராகத் தெரிவதில்லை. ஏற்கனவே ஒரு பட்டறை இருந்தது. கையில் கிடைத்த வட்டாரச் சொல்லை எடுத்து, ஓர் அசை கூட்டி, வால் வைத்து, ஊருக்குள் விடும் கைப்பழக்கம் மக்களிடம் இருந்தது. இப்படிப் பார்த்தால் ‘ஸ்காடில்’ விடையும் ஒலி விடையும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒன்று மூலப்பொருளைச் சொல்கிறது, மற்றது செய்நேர்த்தியைச் சொல்கிறது.

தீராத கேள்விகள்

இதுவரை கிடைத்த சான்றுகளைக் கொண்டு சொல்லக்கூடியது இவ்வளவே. கிரேக்க, ஐரிஷ், வடநாட்டு விடைகளைக் கைவிடலாம். அவை முற்றிலும் முடியாதவை என்பதால் அல்ல. வழியைக் காட்டும் தடயம் ஒன்றும் அவற்றுக்கு இல்லை என்பதால். பிரிட்டிஷ் வட்டார வழக்கில் வேர், அமெரிக்க வாயில் வடிவம் என்பது இப்போதைக்கு ஏற்கத்தக்க ஊகம். அந்த வேர் பால் சிந்தும் சொல்லா, மாடு மிரளும் சொல்லா, இரண்டும் ஒரே வாயில் கலந்ததா என்பது தீரவில்லை.

1861 செய்தி அந்தச் சொல்லைப் பழகிப்போன முகாம் வழக்காகத் தருவதால், அதற்கு முன்பே அது எங்கோ பேசப்பட்டிருக்க வேண்டும். அந்த முந்தைய வாழ்க்கையைத் தேட வேண்டிய இடம் பெரிய நூல்களோ பல்கலைக்கழக உரைகளோ அல்ல. சிறு நகரத்துச் செய்தித்தாள்களிலும், சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலும், ஸ்காட்லாந்திலிருந்தும் வட இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறிய பண்ணைக் கூலிகளின் குடும்பத் தாள்களிலும் அது எழுத்துப் பிழையோடு ஒளிந்திருக்கக்கூடும். ‘ஐ’யா, ‘ஈ’யா, ஒரு ‘டி’யா, இரண்டு ‘டி’யா என்று தெரியாமல் எழுதப்பட்டிருக்கும் என்பதால், எல்லா எழுத்து வடிவங்களையும் கொண்டு தேட வேண்டும். அப்படித் தேடுகையில் 1861-க்கு முற்பட்ட ஒரு வரி கிடைத்து, அதில் சிந்துவது பாலாகவோ ஓடுவது மாடாகவோ இருந்தால், மேலே சொன்ன ஊகங்களில் ஒன்று அன்றே முடிவாகிவிடும்.